பின்னறைப் பாட்டில்கள்

எங்கள் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் ஒரு மாண்டரின் மீன் இருந்தது. சுண்டுவிரல் நீளம், உடம்பெல்லாம் நீலமும் ஆரஞ்சும் நெளிநெளியாக ஓடும். கடைத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உயிரோடு அசைகிற இரையைத்தான் கொத்தும், அதையும் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் சில வாரங்களிலேயே வயிறு ஒட்டிவிடும்.

அதற்காகத்தான் கடலூர் முதுநகர் வீட்டின் பின்னறையில் இரை வளர்க்க ஆரம்பித்தேன். சிதம்பரத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் என் தம்பிதான் பெருக்கிக்கொள்ள முதல் விதையைக் கொடுத்தான். கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் பச்சைத் தண்ணீர். கடல்நீரில் வளரும் நுண்பாசி அது. அந்தப் பாசியைத் தின்னும் ரோட்டிஃபர் என்ற பொடிப்பிராணிகள் ஒரு வாளியில். இன்னொரு வாளியில் கோப்பிபாட். அது இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துள்ளுகிற தூசி மாதிரி தெரியும். மூன்றாவதில் ஆர்ட்டீமியாக் குஞ்சுகள், அதுவும் இறால் சாதிதான். தரையில் இருந்த சின்ன மோட்டார் அறைக் காற்றை இழுத்துக் குழாய்கள் வழியாக எல்லாவற்றிலும் குமிழி விடும்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பழைய நுண்ணோக்கி ஒன்றை வாங்கிப் பின்னறையில் வைத்திருந்தேன். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன்னால் வாளிக்கு ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அம்மா இறந்து ஆறு மாதம் ஆன சமயம், அப்பா திட்டக்குடியிலிருந்து வந்தார். நாங்கள் எத்தனை தடவை கூப்பிட்டும் வராதவர், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சொல்லாமல் கொள்ளாமல் ரெக்ஸின் பையோடு வாசலில் நின்றார். நிலத்தைப் பக்கத்து வயல்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவருக்குக் கொடுக்க இருந்தது பின்னறை ஒன்றுதான். வாளிகளை ஓரமாகத் தள்ளிக் கட்டிலைப் போட்டேன். பையைக் கட்டிலுக்கு அடியில் அவரே வைத்தார்.

மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் கோப்பிபாட் ஒன்றை அவரையும் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இதுக்குக் கண்ணு எங்கம்மா?"

"நடுவுல செவப்பாத் தெரியுது பாரு. ஒத்தக் கண்ணுதான்."

"ஒண்ணே போதும்னு வெச்சிருக்கான்" என்று நிமிர்ந்தார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

அவர் வந்த நான்காம் நாள் கோப்பிபாட் வாளியின் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருந்தது. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். எல்லாம் காலை மடக்கிச் செத்துக் கிடந்தன. ஆர்ட்டீமியாவும் அப்படியே. தண்ணீர்க் கோளாறு என்று நினைத்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் புதிதாகத் தண்ணீர் எடுத்து, வடிகட்டி, தம்பியிடம் மறுபடி விதை வாங்கி வந்து விட்டேன். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கொசுவத்தியாக இருக்கும் என்று அதை நிறுத்தினேன். செம்மங்குப்பம் ரசாயன ஆலைகள் பக்கமிருந்து காற்று வீசுகிறதோ என்று சந்தேகப்பட்டு ஜன்னலை அடைத்தேன். அடைத்த பிறகு விட்ட விதை முன்னைவிடச் சீக்கிரம் செத்தது.

அந்த நாட்களில் அப்பா அமைதியாக இருந்தார். மனசு ஆறி வருகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் காபி குடிக்கும்போது நிலத்துப் பத்திரங்களை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க மாப்ள. பையனுக்குப் பாதி, இவளுக்குப் பாதி."

"இப்ப என்ன மாமா அவசரம்?"

"அவசரம்லாம் ஒண்ணுமில்ல. பாத்து வெச்சுக்கோங்க."

இன்னொரு நாள் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தம்பிக்குக் கொடுத்துவிடச் சொன்னார். மணி பார்க்க இனி என்ன இருக்கிறது என்றார். வயதானவர்கள் பேசுகிற பேச்சாக எடுத்துக்கொண்டு அலமாரியில் வைத்தேன். என் கவனம் முழுக்க மாண்டரின் மீனின் வயிற்றில் இருந்தது. அது குழிந்துகொண்டே வந்தது.

நான்காவது முறை விதை வந்தபோது, ஒரு பாட்டிலை மட்டும் சமையலறை மேடையில் வைத்தேன். அதே தண்ணீர், அதே பாசி. பின்னறையில் விட்டது மறுநாளே செத்தது. சமையலறையில் இருந்தது துள்ளிக்கொண்டிருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. தம்பிக்குப் போன் செய்தேன்.

"பாசி எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"பச்சையாத்தான் இருக்கு."

"ரோட்டிஃபர்?"

"அது நல்லா சுத்துது."

"தொட்டி மீனு?"

"பட்டினி கெடக்குது. வேற ஒண்ணுமில்ல."

பிறகு மெதுவாகச் சொன்னான். "அக்கா, செத்ததெல்லாம் இறால் சாதி மட்டும்தான். தண்ணி கெட்டிருந்தா எல்லாம் போயிருக்கும். இறாலும் பூச்சியும் ஒரே வம்சம், இது பூச்சி மருந்துதான். அந்த ரூம்ல மருந்து இருக்கு. மோட்டாரு அந்தக் காத்தத்தான் இழுத்து உள்ள விடுது."

"மருந்து எப்படிடா வரும்? நான் எறும்புப் பொடிகூட..."

"அப்பா அந்த ரூம்லதான படுக்குறாரு?"

நான் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "அப்பா எங்க?" என்றான் தம்பி.

"பின்னாடி துணி காயப்போட்டுக்கிட்டு இருக்காரு."

"போன வைக்காத. போய்ப் பாரு."

அறைக்குள் போய் நின்றேன். ஒரு வாடை இருக்கத்தான் செய்தது. அவர் வந்த நாளிலிருந்தே இருந்தது. முழங்காலுக்குத் தடவுகிற தைலம் என்று நினைத்திருந்தேன். சின்ன வயதில் மருந்தடிக்கிற நாட்களில் அப்பாவின் சட்டையில் வந்த அதே வாடை. பன்னிரண்டு நாளாக அதை மோந்தும் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

குனிந்து பையை இழுத்தேன். மோட்டாரை ஒட்டித்தான் இருந்தது. இரண்டு வேட்டி, ஒரு துண்டு, அதற்கும் அடியில் அம்மாவின் பழைய புடவைத் துணியில் சுற்றிய பாட்டில். மூடி சரியாக இறுகவில்லை. துணி ஈரமாக இருந்தது.

நிமிர்ந்தபோது அப்பா வாசற்படியில் நின்றார். கையில் துணி மாட்டும் கிளிப்புகள்.

"வயல்ல மிச்சம் கெடந்துச்சு. வீசிப்போட மனசு வரல" என்றார்.

"அதுக்குக் கடலூருக்கு எதுக்குப்பா எடுத்தாந்த?"

கட்டிலில் உட்கார்ந்தார். கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்தார். என் கையில் போன் அணையாமல் இருந்தது. தம்பி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அங்க ஒத்தையா இருந்தா செஞ்சிருவேனோன்னு பயமா இருந்துச்சும்மா. அதான் உங்கூட இருக்கலாம்னு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "வரும்போது அதையும் தூக்கிட்டே வந்துட்டேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல."

எனக்கு அழுகை வரவில்லை. சோப்புப் போட்டு நான் கை கழுவினேன், அவர் கையையும் இழுத்துக் கழுவிவிட்டேன். என் வீட்டுக்காரர் அந்தப் பாட்டிலை வெளியே எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்து, மாமாவின் பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்தார்.

தம்பி சிதம்பரத்திலிருந்து வண்டியிலேயே வந்து சேர்ந்தான். கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும், "சாப்டியாப்பா?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் மூன்று பேருமாக மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனோம். ரத்தமும் எடுத்தார்கள். அந்த வாடையால் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அம்மா போனதிலிருந்து தூக்கமே இல்லை என்பதை அந்த மருத்துவரிடம்தான் அப்பா முதல்முறையாகச் சொன்னார். நானோ தம்பியோ அவரிடம் அதைக் கேட்டதே இல்லை.

மாண்டரின் மீன் அந்த வாரமே செத்தது. பின்னறையைக் கழுவி, ஜன்னலைத் திறந்துவைத்து, மோட்டாரையும் குழாய்களையும் மாற்றினேன். அப்படியும் இரண்டு மாதம் வரை அங்கே கோப்பிபாட் நிற்கவில்லை. வாரம் ஒரு பாட்டில் வைத்துப் பார்ப்பேன், வாரம் ஒரு பாட்டில் சாகும். வெறும் அறையில் ஏன் சாகிறது என்று அப்பா கேட்கவே இல்லை. அவருடைய கட்டிலைக் கூடத்துக்கு மாற்றியிருந்தோம்.

மாத்திரை சாப்பிடுகிறார். முன்னைவிடப் பேசுகிறார், சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி என்றுகூடச் சொல்கிறார். மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் தம்பி கூட்டிப்போகிறான்.

போன மாதம் நிலத்தைப் பார்த்து வருகிறேன் என்றார். கூட வருகிறேன் என்றேன்.

"நான் என்ன கொழந்தையா? போயிட்டு வந்துர்றேன்" என்றார். மருத்துவரைக் கேட்டோம், போகட்டும் என்றார். காலையில் போனவர் திரும்பும் வழியில் விருத்தாசலத்தில் பஸ் மாறும்போது போனில் கூப்பிட்டார், ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன் என்றார். ஏழரைக்குத்தான் வந்தார். குள்ளஞ்சாவடி பக்கம் ரோட்டில் வேலை நடக்கிறதாம்.

அந்த அரை மணி நேரம் நான் வாசலில் நிற்கவில்லை. அவருக்குத் தெரியக்கூடாது என்று உள்ளே உட்கார்ந்து, ஏற்கெனவே நறுக்கிவைத்த வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தேன்.