பழைய மாத்திரைக்காரரும் புது மாத்திரைக்காரரும்

காலை ஏழரை மணி, பன்னிரண்டு பேர், முதலில் கூப்பிட வேண்டிய பெயர் முனிரத்தினம். மருந்தை மருந்தோடு ஒப்பிடும் ஆய்வில் ஒருங்கிணைப்பாளர் என்பவர், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்து பழகியவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்காத உடம்பு

அடைத்துக்கொண்ட இதயக் குழாயை விரித்து உள்ளே ஸ்டென்ட் வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு 'ஸ்பிரிங்' என்று பெயர். அதன்மேல் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. சிலர் உடம்பில் அந்த மாத்திரை வேலை செய்யாது. ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு அதே பழைய மாத்திரையை இரட்டிப்பாகக் கொடுப்பதா, புது மாத்திரைக்கு மாற்றுவதா என்று பார்ப்பதுதான் ஆய்வு.

முனிரத்தினம் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். மாத்திரை வேலை செய்யவில்லை என்றதும், திருட்டுப் பட்டம் கட்டியதைப் போல அவர் முகம் மாறியது. "ஒரு வேளைகூட விடல சார், ஒழுங்கா துன்னுக்கினுதான் இருக்கேன்" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஜெயந்தி, அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "கட்டின நாள்லருந்து என் பேச்சையே கேக்காத ஒடம்பு சார் அது. மாத்திரை சொல்லியா கேக்கப் போவுது?"

ஒட்டிய உறை

யாருக்கு எந்த மாத்திரை என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை. ஒட்டிய உறையைப் பிரித்தால் உள்ளே இருப்பதுதான் தீர்ப்பு. முனிரத்தினத்துக்குப் புதுசு வந்தது. அன்று சித்தூர் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த பங்காருபாளையம் மாங்காய் வியாபாரி நாயுடுவுக்குப் பழசு, இரட்டிப்பாக.

நாயுடு எழுந்துவிட்டார். தறிக்காரருக்குப் புதுசு, தனக்குப் பழசா என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். எது நல்லது என்று இன்னும் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் ஆய்வே தேவையில்லை என்று விளக்கினேன். உண்மைதான். ஆனால் ஸ்பிரிங் வைத்த மனிதரிடம் சொல்ல இதைவிட மோசமான விளக்கம் கிடையாது. நாயுடு மறுபடி உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "அதாவது, தெரியாமதான் எங்க வாயில போடுறீங்க. அந்தே கதா, அவ்ளோதானே சார்?"

சலூன்

புது மாத்திரை சீக்கிரம் வேலையைத் தொடங்கும். நிறுத்தினால் சீக்கிரமே உடம்பைவிட்டுப் போய்விடும். அதனால்தான் காலை, இரவு என்று இரண்டு வேளை. இதை முனிரத்தினத்துக்குத் தமிழில் வாயால் சொன்னேன். நாங்கள் கொடுக்கும் காகிதமெல்லாம் தெலுங்கும் ஆங்கிலமும்தான். அவர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தெலுங்கு பேசுவார், படிக்க வராது. ஒரு வேளைகூட விடக்கூடாது என்றேன். தலையாட்டினார்.

அடுத்த முறை தாடியோடு வந்தார். நகரி சலூனில் சின்னதாகக் கத்தி பட்டதாம். துண்டு நனைந்தும் ரத்தம் நிற்கவில்லை. அப்படியென்றால் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம், பயப்படாதீர்கள் என்றேன். அவருக்குப் பயமில்லை, சிரிப்புதான். சலூன்காரர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னதை அப்படியே நடித்துக் காட்டினார்: "அண்ணா, இனிமே என் கத்தி உன் மேல படாது. முடி எடுக்கணும்னா மலைக்குப் போ. அங்க சாமி பார்த்துப்பாரு."

ஈரச் சந்தனம்

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் முனிரத்தினம். மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை. ஸ்டென்ட் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. கடைசி மாத்திரை எப்போது என்று டாக்டர் கேட்டார்.

ஜெயந்தி சொன்னார். பிழைத்து எழுந்ததற்கு மலையில் மொட்டை வேண்டுதல் பாக்கி இருந்தது. சாமிக்கு முடி கொடுக்கும் இடத்தில் ரத்தம் சிந்தக்கூடாது என்று, மூன்று நாள் முன்னதாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். யோசனை நாயுடுவுடையது. அவரும் அப்படி நிறுத்திவிட்டுத்தான் மொட்டை போட்டுக்கொண்டாராம், ஒன்றும் ஆகவில்லையாம். பழைய மாத்திரை நிறுத்திய பிறகும் சில நாள் ரத்தத்தில் தங்கும். புதுசு தங்காது. வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை.

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியதும், ஜெயந்தி ஒரு காரியத்தைப் பழுதில்லாமல் முடித்தவரைப் போல என்னிடம் சொன்னார்: "ஒரு சொட்டு ரத்தம்கூட வரல சார்."

யார் கணக்கில்

முனிரத்தினம் அன்று மதியம் இறந்தார். ஆய்வில் ஒரு விதி உண்டு: மாத்திரையை விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும், உறையில் வந்த குழுவிலேயே ஒருவர் கடைசிவரை இருப்பார். ஆகவே அந்தச் சாவு புது மாத்திரையின் கணக்கில் ஏறியது. கடைசி மூன்று நாள் அவர் அதைச் சாப்பிடவே இல்லையே என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நிமிராமல் சொன்னார்: "வீட்டுக்குப் போய் என்ன செய்வாங்கங்கிறதும் மருந்துல சேர்த்திதான்."

அடுத்த மாதம் வந்த நாயுடுவிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். இனி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், யாருக்கும் யோசனை சொல்லவும் வேண்டாம் என்றேன். முனிரத்தினம் உட்காரும் நாற்காலியையே நாயுடு பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது உண்மை. "ஐயோ பாவம், நல்ல மனுஷன்" என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார்: "அப்ப பழசுதான் தேவலை, இல்ல சார்?"

சிவராத்திரிக்கு மறுநாள், மொட்டைக்கு முன் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்ற அறிவிப்பு வராந்தாச் சுவரில் ஒட்டப்பட்டது: தெலுங்கில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.