அரையும் அரைக்காலும்

அண்ணன் சட்டைக் காலர் கசங்கி வீடு திரும்பிய அன்றுதான் தங்கை அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டாள். "ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தி இருக்காடி. பேரு வரிசையாம். காய்ச்சல்காரனாச்சேன்னு நைசா முன்னாடி போனேன். காலரப் பிடிச்சு இழுத்துக் கடைசில நிறுத்திட்டா" என்றான். காய்ச்சல் இறங்கிய பிறகும் அவன் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தவில்லை. அடுத்த வருடம் வரிசை அண்ணியாகி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

பட்டப்பெயருக்குக் குறை வைக்காத மனுஷி. ஸ்டூலை வாசலுக்குக் குறுக்கே போட்டு, டோக்கன் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாளானால் ஈ கூட வந்த வரிசையில்தான் உள்ளே போக வேண்டும். டாக்டரின் மாமனாரே ஒரு நாள் சுவரோரம் நின்றார். வீட்டிலும் அதே சட்டம்தான். பெரிய மாமனார் வழி, சின்ன மாமனார் வழி, அத்தை பெற்றதுகள், அதுகள் பெற்றதுகள் என்று உறவு மொத்தமும் வந்து இறங்கினால், குளியலறைக் கதவில் சாய்ந்து நின்று யாருக்குப் பிறகு யார் என்று சொல்லுவாள். "முந்தி வந்தவங்க முந்திப் போவாங்க. இதுல என்ன மாமா ரோஷம்?"

மனசு மட்டும் ஸ்டூலில் இல்லை, உள்ளே மருந்து ஜன்னலில் இருந்தது. அரை மாத்திரை, கால் மாத்திரை என்று நறுக்கிப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் வேலை. அதற்கு ஒரு தேர்வு, தேர்வில் பின்னக் கணக்கு. இரண்டு முறை கவிழ்ந்தாயிற்று. மூன்றாவதும் போனால் அப்புறம் எழுத விடமாட்டார்கள். ஆயுசுக்கும் வாசல்தான்.

கணக்குப் படித்த நாத்தனார், அதுதான் அந்தத் தங்கை, அவளைச் சாயங்காலங்களில் பென்சிலோடு உட்கார வைத்தாள். அரை கூட்டல் அரை பெருக்கல் கால்.

"அரையும் அரையும் ஒண்ணு. ஒண்ணுல கால், கால்தான். முடிஞ்சுது."

"ஐயோ அண்ணி, பெருக்கலை முதல்ல பண்ணணும்."

"ஏன்? கூட்டல்தானே முன்னாடி வந்து நிக்குது? பின்னாடி வந்தவன் மட்டும் டாக்டருக்குச் சொந்தக்காரனா?"

அடைப்புக்குறியோடு அவளுக்குத் தகராறில்லை. "கதவு சாத்தியிருக்கு. உள்ள இருக்கறவங்க முதல்ல முடிச்சுட்டு வரட்டும்" என்று ஒப்புக்கொள்வாள். பெருக்கல் என்றால் முகம் கடுத்துவிடும்.

"அது விதி அண்ணி, விதி!"

"உனக்கு விதி. எனக்குத் தலைவிதி."

தேர்வுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"இன்னிக்கு ஒருத்தி இடுப்புல பிள்ளையோட வந்தா. ஒரு டோக்கன் குடுத்தேன். பின்னாடி நின்னவன், 'போறது ரெண்டு பேரு, டோக்கன் ஒண்ணா?'ன்னு சண்டைக்கு வந்தான். 'இடுப்புல இருக்கறத எறக்கி உன் பின்னாடி நிறுத்தச் சொல்றியா?'ன்னு கேட்டேன். கேட்டதும் எனக்கே சுரீர்னுச்சு. ஏன்டி, அந்தப் பெருக்கல் முந்திக்கிட்டுப் போகலையோ? ஒட்டிக்கிட்டு வந்ததோ?"

நாத்தனார் பரபரவென்று பென்சிலைத் தேடினாள். "காலுல பாதிக்கு என்ன பேரு அண்ணி?"

"அரைக்கால்."

"அரைக்கால்னா சட்டை!" என்று அடுத்த அறையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

"நீங்க சும்மா கிடங்க. உங்களுக்கு டோக்கன் குடுக்கல" என்றாள் அண்ணி. பிறகு அந்த வார்த்தையையே இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்தாள். "அட, பேரே ஒட்டித்தானே கிடக்கு! இதுல அரையை மட்டும் பிச்சு முன்னாடி நிக்கறவனோட அனுப்பினா, பிள்ளைய வாசல்ல விட்டுட்டுத் தாய் உள்ள போன மாதிரில்ல?"

அரையும் அரைக்காலும். எட்டில் ஐந்து பங்கு என்று அவளே எழுதினாள்.

"அப்ப வெறும் கூட்டலும் கழித்தலும் வந்தா?"

"வந்த வரிசையிலதான் அண்ணி."

"அது நியாயம்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றப் போனாள்.

மூன்றாம் தடவை தேறிவிட்டாள். வாசல் ஸ்டூலில் இப்போது வேறொருவர் உட்கார்கிறார். சாது. போன வாரம் நாத்தனார் மருந்து வாங்கப் போனபோது அங்கே ஒரே தள்ளுமுள்ளு. ஜன்னலுக்கு உள்ளே அண்ணி பாதி எழுந்துவிட்டாள், வாய்கூடத் திறந்துவிட்டது. பிறகு மெல்ல உட்கார்ந்து, மாத்திரையின் நடுக்கோட்டில் கத்தியை வைத்து அழுத்தினாள்.

இப்போது அவள் மருந்து ஜன்னலில் இருக்கிறாள்.