ஏழு செயலிகளுக்குத்தான் இடம்

மீன் பதனிடும் ஆலையில் பத்தொன்பது வருடம் நின்றபடியே வேலை பார்த்த மார்னாவுக்கு, ஐம்பத்தோராம் வயதில் முதுகெலும்புத் தட்டு விலகியது. இனிமேல் மணிக்கணக்கில் நிற்கவே கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் குளிர்காலத்தை மேற்குக் கரையோர நகரமான லெம்விக்கில், துறைமுகம் தெரியும் தன் இரண்டாம் மாடி வீட்டில் படுத்தும் எழுந்தும் கழித்தாள். அவளைப் பார்க்க வந்த தங்கை, தான் வைத்திருந்த பழைய ஸ்மார்ட்போனைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"இதுல ஆயிரம் ஆப் இருக்கு, எல்லாம் இலவசம். உனக்குப் பொழுது போறதே தெரியாது பாரு."

ஆயிரம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் போனில் ஏழு செயலிகளுக்கு மேல் இடம் இல்லை. எட்டாவதை இறக்கப் போனால், ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள் என்று திரையில் எழுத்து வந்து நின்றது. வேறு போன் வாங்கும் நிலையில் மார்னா இல்லை. ஆகவே தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டாள்.

முதல் வாரம் ஒரு டார்ச் லைட் செயலியை இறக்கினாள். அது அவளுடைய தொடர்பு எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டது. மார்னா போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சத்தமாகவே கேட்டாள்: "வெளிச்சம் காட்ட உனக்கு எதுக்கு என் தங்கச்சி நம்பர்?" அன்றே அதை நீக்கினாள். அடுத்து வந்த மிட்டாய் விளையாட்டு மூன்று நிமிடம் ஆடவிட்டு ஒரு நிமிடம் விளம்பரம் காட்டியது. அதுவும் போனது. கடைசியில் மழை எப்போது வரும் என்று காட்டும் ஒன்று, பேருந்து நேரத்துக்கு ஒன்று, மாத்திரை நேரத்துக்கு ஒன்று, நூலகப் புத்தகங்களைக் காதால் கேட்க ஒன்று, வார்த்தை விளையாட்டு ஒன்று என்று ஐந்து மட்டும் தங்கின. எது என்ன கேட்டது, எது எத்தனை முறை விளம்பரம் போட்டது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தாள். ஆலையில் பெட்டிக்குள் போகத் தகுந்த மீன் எது, தகாதது எது என்று பிரித்த கை அது. சும்மா இருக்க அதற்குத் தெரியவில்லை.

எதிர் வீட்டு விபெக்கெ அந்த நோட்டைப் பார்த்துவிட்டாள். ரொட்டிக் கடையில் காலமெல்லாம் வியாபாரம் பார்த்து ஓய்வு பெற்றவள். வாய்க்குப் பூட்டே கிடையாது.

"எனக்கும் ஒண்ணு பார்த்துக் குடேன். பால்கனியில வெச்ச செடியெல்லாம் செத்துப் போகுது. என்ன வியாதின்னு சொல்ற மாதிரி ஏதாவது இருக்கா?"

இருந்தது. இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் செயலி. மார்னா மூன்று நாள் வைத்துப் பார்த்தாள், ஒரு குறையும் தெரியவில்லை. விபெக்கெயின் போனில் இறக்கிக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் காலை விபெக்கெ கதவைத் தட்டவில்லை, இடித்தாள்.

"முந்நூத்தி நாப்பத்தொம்பது குரோனர் பேங்க்லேருந்து போயிடுச்சுடி! ஆப்புன்னு சொல்லி எனக்கே ஆப்பு வெச்சுட்டியே!"

ஏழு நாள்தான் இலவசம் என்று ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. விபெக்கெ கண்ணாடி போடாமல் 'சரி' என்று அமுக்கியிருக்கிறாள். 'நீ அமுக்கியதுக்கு நான் என்ன செய்ய' என்று மார்னா சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் நோட்டைத் திறந்து பார்த்தாள். மூன்று நாள் என்றுதான் அதில் இருந்தது.

"தப்பு என்னோடதுதான். எட்டாம் நாள் அது என்ன பண்ணும்னு நான் பார்க்கவே இல்ல. உள்ள வா, உக்காரு."

இருவரும் சமையலறை மேசையில் அரை நாள் உட்கார்ந்தார்கள். சந்தாவை நிறுத்தினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று முறை எழுதினார்கள். மூன்றாவது கடிதத்தை விபெக்கெ சொல்லச் சொல்ல மார்னா தட்டினாள். அதிலிருந்த வசவுகளை மட்டும் மெதுவாக விட்டுவிட்டாள். பதினோரு நாளில் பணம் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு எந்தச் செயலியும் எட்டு நாள் முழுதாக அவள் போனில் தங்கித் தேறாமல் இன்னொருவர் கைக்குப் போனதில்லை.

பணம் வந்த அன்று விபெக்கெ இலவங்கப்பட்டை ரொட்டியோடு வந்தாள். உட்கார்ந்ததும் ரொட்டியை மார்னா பக்கம் தள்ளிவிட்டு ஆரம்பித்தாள்.

"எங்க அண்ணன் ஏவால்டை உனக்குத் தெரியும்ல? மீன்பிடிக் கப்பல்ல இன்ஜின் ரூம்லயே முப்பது வருஷம். காது போச்சு. மெஷின் மாட்டியிருக்கு, ஆனா நாலு பேர் சேர்ந்து பேசினா எல்லாம் ஒரே இரைச்சலாத்தான் கேக்குதாம். புதன்கிழமை சீட்டாட்டத்துக்குப் போறதையே விட்டுட்டாரு. போன ஈஸ்டர்லேருந்து வீட்டுக்குள்ளேயே கெடக்காரு, மார்னா."

பேச்சைக் கேட்டு எழுத்தாகக் காட்டும் செயலிகள் உண்டு என்று மார்னாவுக்குத் தெரியும். நான்கைத் தேடிப் பிடித்தாள். அவற்றுக்கு இடம் வேண்டி வார்த்தை விளையாட்டையும் புத்தகம் கேட்கும் செயலியையும் மனமில்லாமல் நீக்கினாள். ஒன்று ஐந்து நிமிடத்தில் நின்றுபோய்ப் பணம் கேட்டது. இன்னொன்று வாக்கியத்தின் நடுவில் செருப்பு விளம்பரம் போட்டது. மூன்றாவது, பேசுவதையெல்லாம் எங்கே அனுப்புகிறது என்று சொல்ல மறுத்தது. நாலாவது நேர்மையாக இருந்தது. வானொலிச் செய்தியைப் பிழையில்லாமல் எழுதியது. ஆனால் இந்த மேற்குக் கரையோரப் பேச்சைக் கேட்டால் மட்டும் தடுமாறியது. எட்டு நாள் மாடிப்படியில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திப் பேசவைத்துச் சோதித்தாள். மெதுவாகப் பேசினால் பத்தில் எட்டு வார்த்தை சரியாக வந்தது.

அடுத்த புதன்கிழமை மதியம் ஏவால்டைச் சீட்டாட்டம் நடக்கும் படகுச் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போக இரண்டு பெண்களும் படாத பாடு பட்டார்கள்.

"எதுக்கும்மா இதெல்லாம்? என்னால அவங்க ஆட்டமும் கெடும்," என்றார் அவர்.

"ஒரு ஆட்டம் மட்டும் ஆடுங்க. சரிப்படலைன்னா நானே கொண்டுவந்து விடறேன்," என்றாள் மார்னா.

மேசையில், காப்பிக் கோப்பையில் சாய்த்துப் போனை நிறுத்தினாள். எதிரே தோர்கில். ஏவால்டோடு ஒரே கப்பலில் இருந்தவர். போனைப் பார்த்ததும் சபையில் பேசுவது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் எல்லோரும் கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் நிற்பதுபோல விறைப்பாக இருந்தார்கள். ஏவால்ட் எழுத்தைப் படிப்பதற்குள் ஆட்டம் நகர்ந்துவிடும். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவதை மார்னா கவனித்தாள்.

அப்போது தோர்கிலுக்குப் பொறுமை போய்விட்டது. "சீட்டைப் போடுடா, ஏவால்ட்!" என்று தன் ஊர்ப் பேச்சில் கத்தினார்.

ஏவால்ட் திரையைப் பார்த்தார். 'சட்டையைப் போடுடா, ஏவால்ட்' என்று இருந்தது. குனிந்து தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"போட்டுக்கிட்டுத்தானேடா வந்திருக்கேன்?"

தோர்கில் எட்டிப் போனைப் படித்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். போன் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் படித்துச் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஏவால்ட்தான். நாற்காலி மறுபடி மேசைக்கு நெருங்கியது. அதற்குப் பிறகு யாரும் விறைப்பாக இல்லை. அவர் படித்து முடிக்கும்வரை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு விபெக்கெ கூப்பிடப் போனபோது, "இன்னும் ஒரு ஆட்டம், நீ போ," என்று கையை ஆட்டினார்.

இந்தக் கதை நகரத்தில் பரவியது. நூலகத்தில் வியாழக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் செயலி பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பதால் மார்னா ஒப்புக்கொண்டாள். மூன்றாவது மாதத்திலிருந்து சம்பளமும் கொடுத்தார்கள். வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, "காலையில எழுந்ததும் என்ன பண்ணுவீங்க?" என்பதுதான். போனைப் பிறகுதான் வாங்கிப் பார்ப்பாள்.

மே மாதம் ஏவால்ட் தாமாகவே அந்த வரிசையில் வந்து நின்றார்.

"உபயோகமானது ஒண்ணு குடுத்துட்டே. இப்போ சும்மா சந்தோஷத்துக்கு ஒண்ணு குடும்மா."

அவர் காலையில் கரையோர மேட்டில் நடப்பவர் என்று தெரிந்துகொண்டு, பறவையின் குரலைக் கேட்டு அதன் பெயரை எழுதிக் காட்டும் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். எட்டு நாள் தேறியதுதான். மறுநாள் காலை அவர் மேட்டின் மேல் போனை நீட்டியபடி நின்றார். 'வானம்பாடி' என்று எழுத்து வந்தது. அவர் தலையை நிமிர்த்தி வெகுநேரம் தேடினார். மிக உயரத்தில், ஒரு புள்ளியாக, அது படபடத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை நூலக வாசலிலேயே மார்னாவை நிறுத்தினார்.

"பதினாலு பறவைம்மா! அதுல மூணு என் வீட்டு வேலியிலேயே உக்காந்துக்கிட்டு இத்தனை நாளா கத்தியிருக்கு!"