அடுத்த வீட்டுக்கு வந்த முத்துமாரி

சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் போய் அருணாதேவி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "வேல்விழி வீட்டுக்கு அடுத்த வீடு" என்றுதான் கை காட்டுவார்கள். முப்பது வருஷமாக அருணாதேவியின் வயிற்றெரிச்சல் அது. தனக்கென்று ஒரு வீடு, புருஷன், வாசலில் பெயர்ப்பலகை எல்லாம் இருந்தும், தபால்காரன் முதற்கொண்டு வேல்விழியைச் சொல்லித்தான் இவளைக் கண்டுபிடிக்கிறான் என்றால் யாருக்குத்தான் எரியாது?

இரண்டு பேரும் ஒரே ஆவணி மாசம் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவர்கள். வேல்விழி வாக்கப்பட்டது பட்டாசுக் கம்பெனி வீட்டில். அருணாதேவி வாக்கப்பட்டது அச்சாபீஸ் வீட்டில். அந்த அச்சாபீஸ் ஓடியதே வேல்விழி வீட்டுப் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துத்தான். அங்கே ஆர்டர் வந்தால் இங்கே அடுப்பெரியும். இவள் ஃபிரிட்ஜ் வாங்கிய மாசம் அவள் கார் வாங்கினாள். போதாக்குறைக்கு வேல்விழி நல்லவள் வேறு. பொங்கலுக்குக் கரும்பு கொடுத்து அனுப்புவாள், தெருவில் கண்டால் "அக்கா, சாப்பிட்டீகளா?" என்று வாய் நிறையக் கேட்பாள். சண்டை போடவும் ஒரு சாக்குக் கிடைக்காது. அதுதான் இன்னும் கடுப்பு.

அருணாதேவியின் புருஷன் காளீஸ்வரன் லேபிள் அடிப்பதில் கெட்டிக்காரர். நாலு கலர் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது ஒரு மயிரிழை விலகினாலும் மெஷினை நிறுத்திவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் அறுபத்திரண்டாவது வயசில், சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் என்று விலகிப்போன ஐயாயிரம் தாளைப் பார்த்து "ரொம்ப நல்லா வந்திருக்குலே" என்றார். மெஷின்காரன் பயந்துபோய் அருணாதேவிக்குப் போன் போட்டான். பிறகு சிவகாசி அச்சாபீஸிலிருந்து வீட்டுக்கு வருகிற வழி மறந்தது. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், டிமென்ஷியா, மறதி நோய், போகப் போகக் கூடும் என்றார். அச்சாபீஸை விற்றார்கள். மகன் தருண்குமார் சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் முகம் காட்டினான்.

ஒரு சாயங்காலம் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தபோது காளீஸ்வரன் மரியாதையாக எழுந்து நின்றார்.

"இருக்கட்டும்மா. எங்க வீட்டுக்காரி அருணா வரட்டும், வந்து போடுவா. அவ கை ரசம் அம்புட்டு நல்லாருக்கும்."

அருணாதேவி அடுப்படிக்குள் போய் அழுதாள். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. யார் மேல்? அந்த ரசம் வைத்த அருணா மேல்தான். சிறுக்கி, நன்றாக இருந்த நாளிலெல்லாம் புருஷனோடு இருந்துவிட்டு, கஷ்டத்தை மட்டும் இவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அதே வருஷம் வேல்விழியின் மாமனார் சங்கையாவுக்கும் இதே நோய் வந்தது. வயசு எண்பது. சீக்கில்கூடப் போட்டியா என்று தெருவே பேசிக்கொண்டது. ஆனால் வேல்விழி வீட்டில் சமையலுக்கு ஒரு ஆள், மேல்வேலைக்கு ஒரு ஆள், கூடமாட ஒரு மருமகள். அருணாதேவிக்கு இரண்டு கைதான்.

இந்த நேரத்தில்தான் அரசாங்க ஆராய்ச்சி வந்தது. மறதி நோய்க்காரர்கள் உள்ள வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஆள் ஒருவரை வாரம் இரண்டு நாள் அனுப்பினால் நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சுகம் கிடைக்கிறதா என்று பார்க்க டில்லியிலிருந்து பணம் ஒதுக்கியிருந்தார்கள். மாவட்டத்தில் இருநூறு வீடு. பாதி வீட்டுக்கு ஆள் வரும். மீதி நூறு வீட்டுக்கு ஆள் வராது, ஒரு சிறு புத்தகம் மட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தரம் எல்லா வீட்டுக்கும் வந்து கேள்வி கேட்பார்கள். ஒரு வருஷம் கழித்து, பலன் இருக்கிறது என்று தெரிந்தால் ஆள் வராத வீடுகளுக்கும் அனுப்புவார்கள், ஊர் ஊராகத் திட்டத்தை விரிப்பார்கள்.

எந்த வீட்டுக்கு ஆள் என்பதை ஒட்டிய உறைதான் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று கொண்டுவருகிறவர்களுக்கே தெரியாதாம். அதைப் பிரிக்க எல்லாரையும் பஞ்சாயத்து ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். அருணாதேவி காளியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அவள் உறையைப் பிரித்தால் புத்தகம். அடுத்த நாற்காலியில் வேல்விழி பிரித்தாள். ஆள்!

"சமையலுக்கு ஆள் வச்சிருக்கவளுக்கு இன்னொரு ஆளா?" என்று அங்கேயே கேட்டுவிட்டாள் அருணாதேவி. "கொஞ்சம் பாத்துக் கொடுக்கக் கூடாதாக்கும்?"

"பாத்துக் கொடுத்தா அது ஆராய்ச்சி இல்லம்மா" என்றாள் கேள்வி கேட்க வருகிற பிரீத்தி. காதில் புகை வராத குறையாக அருணாதேவி வீடு திரும்பினாள். நேர்ந்த மாவிளக்கையும் போடவில்லை. அம்மனுக்கே கண் அந்தப் பக்கம்தான் போலிருக்கிறது.

ஆளின் பெயர் முத்துமாரி. ஆனைக்குட்டத்துப் பெண். செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு ஸ்கூட்டி சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் தன் வாசலைத் தாண்டி அடுத்த வாசலில் நிற்கும்போதெல்லாம் அருணாதேவிக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு வரும்.

சிவகாசிப் பக்கத்துக் காலண்டர்காரர்களைக் கேளுங்கள். ஆடிப்பெருக்கன்று புது வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும்வரை புது டிசைனைப் பெண்டாட்டி கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள். காட்டினால் மறுநாளே அடுத்த கம்பெனி அடித்துவிடும். அச்சாபீஸ் வீட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய அருணாதேவிக்கு இது தெரியாதா? அங்கே முத்துமாரி என்னமோ புது டிசைன் சொல்லிக்கொடுக்கிறாள். அதைப் பார்த்து எடுத்துவிட வேண்டியதுதான்.

வேல்விழி வீட்டுப் பின்முற்றம் இவள் மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு அருணாதேவி துணி காயப்போடப் போனாள். துவைக்கத் துணி இல்லாத நாளில் பீரோவிலிருந்து மடித்த புடவையை எடுத்து, தண்ணீரில் முக்கி, பிழிந்து, அதையும் கொண்டுபோனாள். அப்படியே சேலை மறைவில் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் கேட்டாள்.

"'நான் யாரு, சொல்லுங்க பாப்பம்'னு கேக்காதீக" என்று முத்துமாரி சொன்னது கேட்டது. "தாத்தாவுக்கு அது பரிச்சை மாதிரி. நீங்களே 'மாமா, வேல்விழி வந்திருக்கேன்'னு சொல்லிட்டு உள்ள போங்க."

அன்று மத்தியானமே அருணாதேவி, "என்னங்க, அருணா வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு தட்டோடு போனாள். காளீஸ்வரன் எழுந்து நிற்கவில்லை. சாப்பிட்டார்.

அவ்வளவுதான், அருணாதேவிக்கு ருசி கண்டுவிட்டது. அங்கே கேட்டபடியே பொழுது சாயும் முன்பே எல்லா விளக்கையும் போட்டாள். கக்கூஸ் கதவில் சிவப்பில் படம் ஒட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை முத்துமாரி சங்கையாவின் முன்னால் தீக்குச்சிகளையும் பலகைச் சட்டத்தையும் வைத்தாள். முதலாளி ஆகுமுன் சின்ன வயசில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர் அவர். கிழவர் உட்கார்ந்து மளமளவென்று அடுக்கத் தொடங்கினார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. மறுநாள் அருணாதேவி சங்கிலிமுத்து கடைக்கு ஓடி மருந்து வைக்காத குச்சி வாங்கிவந்து காளீஸ்வரன் முன் கொட்டினாள்.

காளீஸ்வரன் பார்த்தார். அப்படியே வாரி எறிந்தார்.

"என்னய என்ன தீப்பெட்டி ஆபீஸ் கூலிக்காரன்னு நெனச்சீகளா? நான் அச்சாபீஸ் முதலாளி!"

குச்சியைப் பொறுக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. பொறுக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. எடுக்க வேண்டியது குச்சியை இல்லை, அவரவர் கை பழகிய வேலையை. பரணில் கிடந்த கழிவு லேபிள் கட்டு ஒன்றை இறக்கி மேஜையில் வைத்தாள். காளீஸ்வரன் கை தானாகப் போனது. தாள்களை ஓரத்தில் விசிறி, காற்று விட்டு, மேஜையில் தட்டித் தட்டி நேராக்கினார். ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "சிவப்பு வெலகியிருக்கு, மெஷின நிறுத்துலே" என்றார். அருணாதேவிக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கூடவே, இதை வேல்விழி பார்க்காமல் போனாளே என்றும் இருந்தது.

ஆறு மாசத்தில் அவர் இரவில் தூங்கினார். வாசலைத் திறந்துகொண்டு போவது நின்றது. ஆனால் வருஷத்தின் கடைசி ஒரு மாசமாக ஒரு தொல்லை. குளிக்க மாட்டேன் என்றார். தண்ணீர் மேலே பட்டால் அலறினார், அடித்தார். அருணாதேவியின் இடது கையில் முழங்கைக்கு மேல் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்தது. சங்கையாவை முத்துமாரி எப்படிக் குளிப்பாட்டினாள் என்று பார்த்துவிடலாம் என்றால், அது வீட்டுக்குள் நடக்கிற காரியம். மாடியிலிருந்து சுவர்தான் தெரிந்தது. எந்நேரமும் சோப்பு வாசனையாக உட்கார்ந்திருக்கும் சங்கையாவைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

வருஷம் முடிந்து பிரீத்தி கடைசிக் கேள்வித்தாளோடு வந்தாள். கேட்கக் கேட்க அவள் புருவம் ஏறியது. இரவில் எத்தனை தரம் எழுகிறார்? ஒரு தரம். கோபம்? குளிக்கையில் மட்டும். உங்களுக்கு மனசு எப்படி இருக்கிறது? பரவாயில்லை.

"ஆள் வராத வீடுகள்லயே உங்க வீடுதாம்மா நல்லாருக்கு" என்றாள் பிரீத்தி.

அருணாதேவிக்கு உச்சி குளிர்ந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு போட்டியில் முந்தியிருக்கிறாள். "அடுத்த வீட்டவிடவா?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா."

"சரி, எங்க வீடு நல்லாருக்குன்னு எழுதுனா என்ன கிடைக்கும்?"

"ஒரு வீட்ட வச்சு ஒண்ணும் முடிவு பண்ண மாட்டாங்க. ஆனா ஆள் போன நூறு வீட்டையும் போகாத நூறு வீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. ஆள் போகாமலே இம்புட்டு நல்லா இருந்தா, அப்பறம் எதுக்கு ஆள் போடணும்னு பணம் ஒதுக்குறவங்க கேப்பாங்க. திட்டத்த நிறுத்திருவாங்க. நீங்க வேற யார்கிட்டயும் எதுவும் கத்துக்கிடலையே? அப்படி இருந்தா எழுதணும். இங்கன ஒரு கட்டமே இருக்கு."

இல்லை என்று சொன்னால் போதும் என்று அருணாதேவி கணக்குப் போட்டாள். அடுத்த செவ்வாயிலிருந்து ஸ்கூட்டி சத்தம் கேட்காது. வேல்விழி வீட்டுக்கும் முத்துமாரி கிடையாது. அந்த நினைப்பு அருணாதேவிக்கு வெல்லக்கட்டி வாயில் கரைகிற மாதிரி இனித்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இனித்தது. நாக்கு நுனியில் "இல்லை" வந்து நின்றுவிட்டது.

மேஜையில் காளீஸ்வரன் லேபிளைத் தட்டிக்கொண்டிருந்தார். நாலு நாளாகக் குளிக்காத உடம்பின் வீச்சம் கூடம் முழுக்க இருந்தது. காலர் ஓரத்தில் கழுத்து கறுத்திருந்தது. வெள்ளைச் சட்டையில் மை பட்டால்கூட மாற்றிக்கொண்டு வந்து உட்காரும் மனுஷன் அவர். திட்டம் நின்றால் வேல்விழிக்கு இல்லாத முத்துமாரி நாளை இந்த வீட்டுக்கும் வர மாட்டாள். மாடியிலிருந்து தெரிந்ததையெல்லாம் அருணாதேவி எடுத்தாகிவிட்டது. சுவருக்குப் பின்னால் இருப்பதை எப்படி எடுப்பது?

"கத்துக்கிட்டேன்" என்றாள்.

"யார்கிட்டம்மா?"

அருணாதேவி சுவரைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள். பல்லைப் பிடுங்குவதுபோல அந்தப் பேரை வெளியே எடுத்தாள்.

"வேல்விழி. எங்க மாடியில நின்னு அவ வீட்டப் பாத்து. எல்லாம் அவளப் பாத்துத்தான்."

பிரீத்தி கட்டத்தில் எழுதினாள். சிரிக்கவில்லை. "நல்ல வேளை சொன்னீக. இந்த மாதிரி வீட்டத் தனியா எடுத்து வச்சுப் பாப்பாங்க" என்று தாள்களைச் சேர்த்தாள்.

"இரு. அப்ப, இந்த ஒரு வருஷமா நான் அவரப் பாத்தது?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லயேம்மா."

"அவளப் பாத்ததுக்குக் கட்டம் இருக்கு, அவரப் பாத்ததுக்கு இல்லையா? அச்சடிச்ச தாளுக்கு ஓரம்னு ஒண்ணு உண்டுல்ல, அதுல எழுதுங்க."

பிரீத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். பேனாவைத் திறந்து ஓரத்தில் எழுதினாள்.

"வாசிங்க."

"'நோயாளியை அவருடைய மனைவி அருணாதேவி ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார்.'"

"நல்லா பாத்துக்கிட்டார்னு போடுங்க."

போட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரியவிட நல்லான்னு."

பிரீத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அருணாதேவி சிரிக்கவில்லை. நீலம் பாய்ந்த கையை மேஜையில் ஊன்றி, தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிரிக்காதீக. எழுதுங்க."