கீறல் இல்லாத தட்டு

தபாலில் வந்த சதுர அட்டைப் பெட்டியை இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். லண்டனில் இருக்கும் என் மகள் வாங்கி அனுப்பிய இசைத்தட்டு. ஜமேக்காவில் மூன்று பேர் சேர்ந்து பாடிய ஒரு பாட்டு. ரொக்ஸ்டெடி என்று அந்த வகைப் பாட்டுக்குப் பெயர். அந்தக் காலத்தில் கொஞ்சம் தட்டுகள்தான் அடித்தார்களாம். பழைய பிரதி ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர்கள் போட்டிபோட்டு அடிபடுகிறார்களாம். இப்போது இங்கிலாந்தில் ஒரு கம்பனி அதை மறுபடி வெளியிட்டிருக்கிறது. அப்படி அரிதான தட்டு ஒன்றைத்தான் நான் ஒருநாள் முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தேன். முதல் தடவை அது வளைந்து கொடுத்தது. இரண்டாம் தடவைதான் உடைந்தது. நடுவில் நிறுத்திக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

வாப்பா கல்யாணத்துக்கு முன் சரக்குக் கப்பலில் சமையல் வேலை செய்தவர். எங்கள் ஊர் கல்முனைக்குத் திரும்பி வந்து வயல் செய்யத் தொடங்கியபோது கப்பல் வாழ்க்கையில் மிஞ்சியது ஒரு சூட்கேஸ் பிளேயரும் ஏழெட்டுத் தட்டுகளும். இந்தத் தட்டில் மஞ்சள் லேபல் ஒட்டியிருக்கும். நடுவில் ஓட்டை பெரிது, பிளேயரின் கம்பியில் நிற்காது. வாப்பா பழைய றப்பர் செருப்பை வட்டமாக வெட்டி அந்த ஓட்டையை அடைத்திருந்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பால் விடாத பிளேன்ரீயோடு உட்கார்ந்தால் இந்தப் பாட்டுத்தான். வீட்டுக்குப் பின்னால் கரண்டில் ஓடும் நெல் மில் ஒன்று இருந்தது. அது ஓடும் நேரம் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்.

தட்டில் ஒரு கீறல் இருந்தது. பாட்டின் பாதியில் ஊசி அதில் சிக்கிவிடும். மூன்று பேரும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு மூத்தவள் ராத்தா எங்கிருந்தாலும் ஓடிவந்து சின்னவிரலால் மெல்லத் தள்ளிவிடுவாள். அந்த வேலை அவளுடையது. வேறு யார் தொட்டாலும் ஊசி மூன்று வரி தாண்டிப் போய் விழும். நானும் அவளும் அர்த்தம் தெரியாமல் அந்தப் பாட்டைப் பாடுவோம். அந்த இடம் வந்ததும் நான் சிக்கி நின்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் என் தோளில் விரலால் தட்டினால்தான் மேலே போவேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சேரும். கல்யாணமானதும் நான் மனைவி வீட்டுக்குப் போனேன். உம்மா காலமான பிறகு வாப்பா, பிளேயர், தட்டுகள் எல்லாம் ராத்தாவோடு இருந்தன. வாப்பா பாரிசவாதத்தில் விழுந்தபோது பேச்சுப் போய்விட்டது. இடக்கை மட்டும் அசையும். அஸர் முடிந்ததும் விரலால் காற்றில் ஒரு வட்டம் போடுவார். ராத்தா தட்டைப் போடுவாள்.

அந்த வருடங்களில்தான் எனக்கு மார்க்கப் பற்று திடீரென்று பொங்கியது. மார்க்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. நான் படித்தது கொஞ்சம், பதறியது அதிகம். இசை ஓடுகிற வீட்டுக்கு மலக்குகள் என்கிற வானவர்கள் வரமாட்டார்கள், வாப்பாவின் ரூஹ் உடலைவிட்டுப் போகும் நேரம் இந்தச் சனியன் இங்கே இருக்கக்கூடாது என்று பயந்தேன். நம்புங்கள், வாப்பாவின் மீது வைத்த அன்பினால்தான் செய்தேன். ராத்தா கிணற்றடியில் நின்ற ஒரு முற்பகலில் எல்லாத் தட்டுகளையும் வளவுக்குப் பின்னால் கொண்டுபோய் உடைத்தேன். அது அவளுடைய வீடு. நான் அங்கே விருந்தாளி.

அன்று அஸருக்குப் பின் வாப்பா விரலால் வட்டம் போட்டார். ராத்தா எழும்பிப் போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து, "கரண்ட் இல்ல வாப்பா" என்றாள். அடுத்த நாளும் அப்படியே. சித்திரை வெக்கையில் அந்த மனிதர் வியர்த்துக் கிடக்க, ஓலை விசிறியால் விசிறிக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். பதினேழு நாள். பிறகு வாப்பா மௌத்தானார். அவர் கேட்கும் நேரம் நான் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. அஸர் முடிந்தும் பள்ளிவாசலில்தான் இருப்பேன். ஃபேன் கதையை ஜனாஸா அடக்கம் முடிந்த அன்று ராத்தா சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாகவும் இருந்தது. வாப்பாவுக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கி எழும்பினேன்.

ராத்தாவுக்கு இப்போது வலது காது கேட்காது. இடதும் போய்க்கொண்டிருக்கிறது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதுதான் என்னை அவசரப்படுத்தியது. உடைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாப்புக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பிளேயரை அவள் எறியவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்த புதினம். அலுமாரிக்குள் துணி சுற்றி வைத்திருந்தாள். பசாரில் ஒரு ரேடியோ திருத்துபவர் ஊசி மாற்றித் தந்தார். தட்டையும் எடுத்துக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன்.

"கேக்கலாமா ராத்தா?" என்றேன்.

"கேக்கலாமா கூடாதா எண்டு இந்த வயசில நான் ஆரிட்டயும் போய்க் கேக்கப் போறல்ல. போடு."

புதுத் தட்டிலும் ஓட்டை பெரிதுதான். என் செருப்பிலேயே ஒரு வட்டம் வெட்டினேன். மஞ்சள் லேபல் அச்சு அசல். மூல ஒலிநாடாவிலிருந்து எடுத்தது, இரைச்சல் எல்லாம் நீக்கியது என்று உறையில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். ராத்தா கதிரையை இழுத்துப்போட்டு இடது காதைப் பிளேயரோடு சாய்த்துக்கொண்டாள். மூன்று குரல்களும் கழுவித் துடைத்த மாதிரி வந்தன. எனக்குக் கண் கலங்கியது. கொஞ்சம் பெருமையும் பட்டேன், வெட்கங்கெட்டவன்.

பாதி வரும்போது ராத்தாவின் சின்னவிரல் தானாக உயர்ந்தது. பாட்டு நிற்கவில்லை. அந்தச் சொல்லை ஒரே தடவை சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டது. விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு மடிக்கு இறங்கியது.

"நல்ல பாட்டுத்தான் தம்பி. ஆனா இது வாப்பாட பாட்டு இல்ல."

அவளைத் தேற்றுகிறேன் என்று நினைத்து என்னையே தேற்றிக்கொண்டேன். "வாப்பா தெரியாமலே போய்ட்டாரே ராத்தா. அது ஒண்டுதான் எனக்கு ஆறுதல்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேட்கவில்லையோ என்று நினைத்து உரத்துச் சொன்னேன். கேட்டிருந்தது.

"தெரியாமலா? அஸர் நேரம் பின்னால கரண்ட் மில் ஓடுமே தம்பி. நான் ஃபேன நிப்பாட்டிப்போட்டு கரண்ட் இல்ல எண்டு சொல்லுவன். மில் கடகடவெண்டு ஓடிக்கிட்டு இரிக்கும். ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தம்."

"அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் கேட்டாரு?"

"கேக்காம விட்டா, அவருக்குத் தெரிஞ்சிட்டு எண்டு நான் உனக்கிட்டச் சொல்லிருவன் எண்டுதான். நீ தாங்கமாட்டாய் எண்டு அவருக்குத் தெரியும்."

மாப்புக் கேட்க வந்தவன் வாயைத் திறந்தேன். "வாப்பா" என்றேன். திரும்பவும் "வாப்பா" என்றேன். அந்த ஒரே சொல்லில் சிக்கி நின்றேன். பாட்டு முடிந்து தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ராத்தா அஸருக்குக் கைகால் கழுவி வுளூச் செய்ய எழும்பி என்னைத் தாண்டிப் போனாள். என் தோளைத் தட்டவில்லை.