ஒன்பது தடங்களுக்கு ஒரு சாட்சி

எக்ஸ்ரே அறைக் கதவைத் தட்டி, நம் தமிழர்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப்பிலிருந்து வந்த அந்தோணி சொன்னார்: "மைதீன் பாய், நம்ம கோழி டாக்டர் போயிட்டாரு. காலையில கதவு தொறக்கல. ஒடச்சுத்தான் பாத்தோம்." அந்தோணி அவருக்குப் பத்து வருஷமாக அடுத்த வீடு. அந்தோணிக்கும்கூட இறந்தவரின் சொந்தப் பெயர் வாயில் வரவில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்.

அவர் பெயர் ஞானமுத்து. டாக்டர் இல்லை. செம்பூரில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிறவர். நான் படம் எடுத்து அனுப்புவேன், அவர் கட்டுப் போடுவார். படம் வருவதற்கு முன்பே, ஆள் வாசலில் நடந்து வருகிற விதத்தை வைத்து எங்கே அடி என்று சொல்லிவிடுவார். "வலி எங்கேன்னு கேக்காதேயும் வே. நடக்கச் சொல்லும், காலே சொல்லிரும்" என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டூட்டி முடிந்தால் கேம்ப்பில் ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமை சர்ச், சனிக்கிழமை மாலை நம் தமிழ் மன்றம். சனிக்கிழமைக்காகத்தான் மற்ற ஆறு நாளும் ஓடுகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

கிங்ஸ் சர்க்கிளில் மளிகைக்கடை வைத்திருந்த கட்ச் பகுதிக்காரர் ஒருவர் கால் முறிந்து வந்தார். கட்டுக் காயும் நேரத்தில் பேச்சுவாக்கில், தன் ஊருக்கு அப்பால் பாலைவனத்தில், வறண்ட ஆறு ஒன்றில், பாறைமேல் ராட்சசக் கோழி நடந்த தடம் இருப்பதாகச் சொன்னார். அதோடு ஞானமுத்து அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் டைனோசர் தடத்தின் படத்தைத் தேடிப் பிடித்துக் கடைக்காரரிடம் காட்டினார். "யஹீ ஹை", இதேதான், என்றாராம் அவர். அந்தக் குளிர்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரயில், பஸ், ஒட்டக வண்டி, கடைசியில் நடை. கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பும் முள்ளும். காலடியில் கல்லாகிப்போன சிப்பிகள், ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்ட கற்கள். "இங்க கடல் கெடந்திருக்கு வே" என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மணலைத் தவிர ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன்.

இருந்தது. பாறையில் ஒன்பது தடங்கள். மும்மூன்று விரல்கள். என் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாலும் தடம் மிஞ்சியது. அண்ணாச்சி மண்டியிட்டு மணலை ஊதினார். பிறகு அவற்றை ஒட்டியே நடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடியும் நடந்தார். "நொண்டியிருக்கு" என்றார். ஆஸ்பத்திரி அளவுநாடாவை என்னிடம் கொடுத்தார். ஒரு காலடி வீச்சு நீளம், அடுத்த வீச்சு ஐந்து அங்குலம் குறைச்சல். கடைசித் தடம்வரை அப்படியே வந்தது.

"எடது காலு நோவுது. அதுல ஊனி நிக்க முடியல. அதான் வலது கால அவசரமா எடுத்து வைக்கி" என்றார். சுற்றிலும் பாறையைத் தேடிப் பார்த்தார். "பக்கத்துல வேற தடமே இல்ல, பாத்தீரா? ஒத்தையில போயிருக்கு."

அச்சு எடுப்பதற்குப் பையில் மாவுக்கட்டு மாவு கொண்டுவந்திருந்தார். அதைக் கரைக்கத் தண்ணீர்க் கூஜாவை எடுத்தபோது, குடிக்க இருப்பதே இவ்வளவுதான் என்று நான் கத்தினேன். அவர் மாவைத் திரும்பப் பையில் வைத்தார். "அச்சு இல்லாட்டி என்ன? நீரு பாத்திருக்கீருல்லா. அது போதும்."

அடுத்த சனிக்கிழமை மன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். பேசிப் பழக்கமில்லாதவர், சொல்லும்போதே நொண்டி நடந்து காட்டினார். "அண்ணாச்சி நல்லா கரடி விடுதாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. அவர் என் பக்கம் திரும்பி, "மைதீன், நீரு சொல்லும்" என்றார். நான் மன்றத்தில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கோழிக்கால் அளக்கப் பாலைவனம் போன இன்னொரு கிறுக்கன் என்று என்னையும் பார்த்துச் சிரிப்பார்களே என்று பயந்தேன். "எனக்கென்ன தெரியும்? நம்ம கோழி டாக்டரைக் கேளுங்க" என்றேன். கூடமே அதிர்ந்தது. அவரும் லேசாகச் சிரித்தார். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பிறகு யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்மேல் கோபத்தைக் காட்டியதே இல்லை. ஊர்ப் பக்கத்து உரிமையோடு 'வே' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். "மைதீன் சார், படம் ரெடியா?" என்பார். நான்கு வருஷம் அந்த 'சார்' என்னைக் கொன்றது. ஒரு நாள் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பாலைவனத்தில் நான் அளவுகளைக் குறித்த தாள் எக்ஸ்ரே உறை ஒன்றில் பத்திரமாக இருக்கிறது. ஒன்பது தடங்களுக்கு இடையே எட்டு எண்கள், ஒன்றுவிட்டு ஒன்று குறைவாக, என் கையெழுத்தில். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

மன்றத்து நண்பர்களே, அன்று அண்ணாச்சி கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நானும் கூடப் போயிருந்தேன். தடங்கள் ஒன்பது. அளந்தவன் நான். அது நொண்டித்தான் நடந்தது.