சேச்சி வீட்டுச் சிவப்புத் தண்ணி

என் வீட்டுக்காரர் தலையை இன்னொருத்தி தொட்டதை நான் மட்டாஞ்சேரியில்தான் பார்த்தேன். அதுவும் எப்படி? கையில் கூஜாவும் முகமெல்லாம் ரயில் கரியுமாக, மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நிற்கிறபோது.

எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் ஆரம்பம். விருதுநகரில் எங்கள் கடையிலிருந்து மிளகாய் வத்தலும் மல்லியும் கொச்சிக்குப் போகும். அங்கிருந்து மிளகும் சுக்கும் வரும். வருஷத்தில் பாதி நாள் இவர் மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்துத் தங்கி, பஜாரில் சரக்குப் பார்ப்பார். கல்யாணமான மறுவருஷம் மழைக்காலத்தில், அவருக்கு டைபாயிடு என்று தந்தி வந்தது. மாமனாரும் நானும் கிளம்பினோம்.

மாமியார் வாசலில் நிறுத்தி புத்தி சொன்னார். "அந்த ஊர்த் தண்ணி வாயில படக்கூடாது, காலு யானைக்காலாப் போயிரும். யாரு எதைக் குடுத்தாலும் மடக்கு மடக்குனு குடிச்சிராத. மலையாளத்துல மருந்து வச்சே ஆம்பளைகளை மயக்கிருவாளுக." சொல்லிவிட்டு, பித்தளைக் கூஜா நிறைய வீட்டுத் தண்ணியை ஊற்றி மூடியைத் திருகிக் கொடுத்தார். செங்கோட்டை, கொல்லம் என்று ரயில் சுற்றி எர்ணாகுளம் போய்ச் சேர்வதற்குள் கூஜா காலி. அங்கிருந்து போட்டில் மட்டாஞ்சேரி.

அழுதுகொண்டே படியேறினேன். ஆள் பிழைத்துக் கிடக்கிறாரா என்றே தெரியாது. அறைக்குள் பார்த்தால், குளித்து வேட்டி மாற்றி, மர நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். எலும்பும் தோலுமாக இருந்தார், ஆனால் சுகமாக இருந்தார். பின்னால் ஒரு பொம்பளை நின்று, ஈரத் தலையைத் துவட்டிவிட்டு, சிமிழிலிருந்து ஏதோ பொடியை இரண்டு விரலால் எடுத்து உச்சந்தலையில் வைத்து அரக்கித் தேய்க்கிறாள். இவர் மூஞ்சியைப் பார்க்கணுமே! நான் எண்ணெய் தேய்க்க வந்தால் "விடு, நானே தேச்சுக்கிறேன்" என்று எழுந்து ஓடுகிற மனுஷன்.

கூஜாவை டங்கென்று தரையில் வைத்தேன்.

அவள்தான் மாடியை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி. அவர்களும் தமிழ்க் குடும்பம்தான், பல தலைமுறைக்கு முன்பே கொச்சியில் வந்து உட்கார்ந்தவர்கள். புருஷன் பம்பாயில் வேலையாம், வந்து வருஷக்கணக்காகிறதாம். கீழே அவளும் காது கேட்காத மாமியாரும் மட்டும்தான். முப்பது வயசு இருக்கும். கறுப்புதான், ஆனால் முடி இருக்கிறதே, அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தாண்டும். இவர் அவளைச் சேச்சி என்று கூப்பிட்டார். சேச்சி என்றால் அக்காவாம். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

"ராஸ்னாதிப் பொடியாக்கும். குளிச்ச தலையில நீர் இறங்காது" என்றாள் என்னைப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டே. "இன்னைக்குத்தான் முதல் குளி. ஜுரம் விட்டாச்சு. நீங்க பேடிக்காதீங்கோ."

பயப்படாதே என்று எனக்கு அவள் சொல்கிறாள். என் புருஷன் விஷயத்தில்!

மாமனாருக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. "மகராசி, அவ இல்லைன்னா நம்ம பய இல்ல" என்று வாய்க்கு வாய் சொன்னார். டாக்டரை மழையில் போய்க் கூட்டிவந்தது அவள். வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தது அவள். ஜன்னி கண்டு இவர் பிதற்றியபோது தண்ணித்துணி போட்டது அவள். எல்லாம் நிஜம்தான். நன்றி சொல்லத்தான் வேண்டும். நானும் சொன்னேன், வாயால். கடையைப் போட்டது போட்டபடி வந்தோமே என்று மாமனார் ஊர் திரும்ப, இவர் தெம்பாகிற வரைக்கும் நான் அங்கே இருந்தேன்.

இருந்த ஒவ்வொரு வேளையும் வயிற்றெரிச்சல்தான். என் கையால் கஞ்சி காய்ச்சினால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தட்டை நகர்த்துவார். அவள் பொடியரிக் கஞ்சியும் சுட்ட பப்படமும் கொண்டுவந்தால் வழித்துக் குடிப்பார். "சேச்சி, கொறச்சு உப்பு" என்று கேட்பார். கொஞ்சம் என்று நம் வாயில் ஒரு வார்த்தை இல்லையா? ஊரில் என்னோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவர், அவள் படியேறுகிற சத்தம் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார். தலையணையைச் சரிசெய்வதுபோல நானும் எழுந்து நடுவில் போய் நின்றுகொள்வேன்.

இதில் தண்ணி வேறு. அந்த வீட்டில் குடிக்கிற தண்ணி சிவப்பாக இருந்தது. ரோஜாப்பூவைக் கசக்கிப் போட்டதுபோல ஒரு நிறம். காலையில் ஒரு பெரிய செம்பு நிறையக் கொண்டுவந்து வைப்பாள், வெதுவெதுவென்று இருக்கும். இவர் அதை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். முதல்நாளே கேட்டேன், இது என்ன என்று.

"பதிமுகம். ஒரு மரம். அந்தச் சீவலை இட்டுத் திளப்பிச்ச வெள்ளம். நீங்களும் குடிங்கோ, நல்லதாக்கும்."

திளப்பிச்ச வெள்ளம் என்றால் கொதிக்கவைத்த தண்ணியாம். மரமாம்! எந்த மரத்தைப் போட்டால் தண்ணி சிவக்கும்? எங்கள் மாமியார் சொன்னது மண்டையில் மணியடித்தது. மருந்து வைக்கிறவள் சோற்றில்தான் வைப்பாளா, தண்ணியில் வைக்கமாட்டாளா? இவர் அவள் கையையே பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு வேறு என்ன காரணம் இருக்கமுடியும்? நான் லட்சணமாக இல்லையா? எனக்குச் சமைக்கத் தெரியாதா? மருந்துதான். சந்தேகமே இல்லை.

அவர் வாயிலிருந்து செம்பைப் பிடுங்க எனக்குத் தைரியமில்லை, டாக்டர் வேறு அந்தத் தண்ணிதான் கொடுக்கணும் என்று சொல்லியிருந்தார். டாக்டரையும் சேர்த்து மயக்கியிருப்பாள் என்று நினைத்தேன். என்னை மயக்க முடியாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். என் பங்குத் தண்ணியை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு, கொல்லைக் கிணற்றில் வாளியைப் போட்டு இறைத்து, அப்படியே குடித்தேன். உப்புக் கரித்தது. கரித்தாலும் நம்பிக் குடிக்கலாம், கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன். கடுப்பென்றால் கடுப்பு, சீதமும் ரத்தமுமாகப் போகிறது. எழுந்து நிற்கமுடியவில்லை. இவரோ படியிறங்கவே தெம்பில்லாதவர். அவள்தான் ரிக்ஷா கூப்பிட்டு, என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். வழியில் அவள் சேலையை நாசம் பண்ணிவிட்டேன். "சாரமில்லை, சாரமில்லை" என்று முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். பரவாயில்லை என்று அர்த்தம். அவளிடமா இந்த நிலைமைக்கு வந்தோம் என்று எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன தண்ணி குடித்தாய் என்பதுதான். கிணற்றுத் தண்ணி என்றேன்.

"காய்ச்சாமலா? இந்த மழையிலா? கக்கூஸ் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் ஒண்ணாக் கிடக்கிற ஊரும்மா இது! வீட்டுல பதிமுக வெள்ளம் வைக்கலியா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் செம்பு காலியாகத்தானே கீழே வந்தது என்று யோசித்திருப்பாள். நான் டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் சேர்த்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சத்தம் போட்டிருந்தால் நானும் ஒரு மூச்சு சண்டை போட்டிருப்பேன்.

மருந்தோடு, மணிக்கொருதரம் உப்பும் சர்க்கரையும் போட்டு அந்தச் சிவப்புத் தண்ணியையே குடிக்கச் சொன்னார் டாக்டர். வேறு வழி? கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். குடித்துவிட்டு, யார் மேலாவது ஆசை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு இழவும் வரவில்லை. வயிறுதான் மெல்ல அடங்கியது. அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. தண்ணியில் மருந்து இல்லை என்றால், இவர் நிமிர்ந்து உட்காருவது எதனால்?

ஆனால் நான் படுத்ததும் இவர் மாறிவிட்டார், அதையும் சொல்லணும். கட்டிலை எனக்கு விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, ஊதி ஊதி ஊட்டினார். "சீக்கிரம் எந்திரி, நம்ம ஊருக்குப் போயிருவோம்" என்றார். அப்படி ஒரு சாயங்காலம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவள் பப்படத் தட்டோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. கரண்டி போய்வருவதையே பார்த்தாள். இவர் பார்க்கவில்லை, முதுகு அந்தப் பக்கம். நான் பார்த்தேன். அது என்ன பார்வை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்த நாளிலிருந்து நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். இன்னும் ரெண்டு கரண்டி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இரண்டு பேருக்கும் நடக்கத் தெம்பு வந்ததும் கிளம்பினோம். அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. கீழே அவளுடைய மாமியார்க் கிழவியிடம் சொல்லிக்கொண்டோம். என்னிடம் அவள், "ஒரு மாசத்துக்குக் காரம் கொடுக்காதீங்கோ" என்றாள். "எனக்குத் தெரியும்" என்றேன் வெடுக்கென்று. பிறகு இவர் பக்கம் திரும்பினாள். முதல் தடவையாக இவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"இனி வரும்போ இவிட வேண்டாம். வேற இடத்துல தங்கிக்கோங்கோ."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெயித்துவிட்டேன் என்று குதித்திருக்க வேண்டும் நான். குதிக்க முடியவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் இப்படி ஒரு வார்த்தை எதற்கு? இவராவது, ஏன் சேச்சி, நாங்க என்ன தப்புப் பண்ணினோம் என்று கேட்டாரா? கேட்கவில்லை. தலையை ஆட்டினார், அவ்வளவுதான். காரணம் தெரிந்தவர் ஆட்டுகிற மாதிரி.

போட்டில் கேட்டேன், "ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"வெயில் ஏறுது. முந்தானையைத் தலையில போடு, திரும்பப் படுத்துரப்போற" என்றார், தண்ணியைப் பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் கொச்சிக்குப் போய்வந்தார். பஜாருக்கு அந்தக் கடைசியில், கொசுக்கடியில், ஒரு லாட்ஜில்தான் தங்கினார். ஒருநாளும் அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை என்று கூடப் போன கணக்கப்பிள்ளை எனக்குச் சத்தியம் பண்ணிச் சொன்னார். நான் போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? இல்லை. அவள் சொன்னாள், இவர் கேட்டார். கட்டின நாளிலிருந்து என் பேச்சை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்படிக் கேட்டிருப்பாரா மனுஷன்?